ஆறும் வெயிலும் எழுதும் திரைச்சீலை

நுழையும்முன்

வீட்டின் சன்னலில் தொங்கும் திரையும் கட்டிலில் விரிக்கும் விரிப்பும் கடையில் கிடைக்கும் பொருள்கள் மட்டுமல்ல. அவற்றுள் சில ஓர் ஊரின் ஆற்றையும் வெயிலையும் மரங்களையும் கால்நடைகளையும் சார்ந்து உருவாகின்றன. அத்தகைய கைத்தொழில் ஒன்றை இப்பாடம் விளக்குகிறது.

ஊரும் ஆறும்

ஆந்திரப் பிரதேசத்தில் திருப்பதிக்கு அருகில் அமைந்துள்ள ஊர் சீகாளத்தி. தமிழர் இதனைத் திருக்காளத்தி என்றும் வழங்குவர். கண்ணப்ப நாயனார் வழிபட்ட தலம் இது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் உருவான திருப்பதி மாவட்டத்தில் இப்போது அடங்கியுள்ளது. ஊரை ஒட்டிச் சுவர்ணமுகி ஆறு ஓடுகிறது. தமிழ் இலக்கியங்கள் இவ்வாற்றைப் பொன்முகலி எனக் குறிப்பிடுகின்றன. இவ்வாற்றங்கரையில் வளர்ந்த துணி ஓவியக் கலையே கலம்காரி.

'கலம்' என்பது எழுதுகோலைக் குறிக்கும் பாரசீகச் சொல். 'காரி' என்பது வேலையைக் குறிக்கும். திருக்காளத்திக் கலைஞர் இதனைத் தெலுங்கில் 'விராதபணி', அதாவது எழுத்துவேலை, என்பர். தமிழிலும் ஓவியத்தை 'எழுதுதல்' என்பதே பழைய வழக்கு. ஆந்திரத்தின் மசூலிப்பட்டினப் பகுதியில் செய்யப்படும் கலம்காரியில் மர அச்சுகள் பயன்படுகின்றன. திருக்காளத்தியில் கோடுகள் அனைத்தும் கையாலேயே எழுதப்படுகின்றன.

கோயிலிலிருந்து வீட்டிற்கு

முற்காலத்தில் இராமாயண, பாரதக் கதைகளை எழுதிய பெரிய திரைகளும், மேற்கட்டிகளும், தேரை அணிசெய்யும் தொம்பைகளும் கோயில்களுக்காகச் செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய ஊர்களிலும் இக்கலை தழைத்தது. பிற்காலத்தில் கட்டில் விரிப்பு, சன்னல் திரை, மெத்தையுறை, சுவரில் தொங்கவிடும் ஓவியம் எனக் கலம்காரி வீட்டிற்குள் நுழைந்தது.

சோழமண்டலக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய சாயத்துணிகளை ஐரோப்பியர் பெரிதும் விரும்பினர். துவைத்தாலும் அவற்றின் நிறம் மங்காமையே அதற்குக் காரணம். உள்நாட்டு நெசவாளர் தம் பிழைப்புக் கெடும் என்று எதிர்த்தமையால், பிரான்சு 1686ஆம் ஆண்டில் இத்தகைய துணிகளுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்து 1700ஆம் ஆண்டில் இந்திய அச்சுத்துணிகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட பருத்தித்துணிகளை உடுத்துவதையும் வீட்டு விரிப்பாகப் பயன்படுத்துவதையும்கூடத் தடுத்தது.

துணி பக்குவமாகும் முறை

முதலில் வெளுக்காத பருத்தித்துணியைக் கஞ்சி நீங்க அலசுகின்றனர். பின்னர்க் கடுக்காய்த்தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் அதனை ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துகின்றனர். கடுக்காயில் உள்ள துவர்ப்பொருள் சாயத்தைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. பாலிலுள்ள கொழுப்பு, எழுதும் மை இழைகளினூடே பரவாமல் தடுக்கிறது. பால் கலவாத துணியில் எழுதினால் கோடு கசிந்து அகன்றுவிடும்.

எழுதுகோல் மூங்கிற்குச்சியால் ஆனது. அதன் நுனிக்குச் சற்று மேலே கம்பளியையோ துணியையோ சுற்றி நூலால் இறுகக் கட்டுகின்றனர். அச்சுற்று மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்தும்போது மை நுனிக்கு இறங்கும். கோட்டின் தடிமனைக் கலைஞரின் விரலே தீர்மானிக்கிறது.

கருப்பு மை செய்யத் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் இட்டுப் பல நாள்கள் புளிக்கவிடுகின்றனர். இந்நீர் பார்வைக்குக் கருமையாக இராது. கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் இரும்பும் துவர்ப்பொருளும் வினைபுரிந்து கருங்கோடு தோன்றுகிறது. சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரைத் தீட்டுகின்றனர். பின்பு சாயவேர் போன்ற செடிப்பொருள்களுடன் துணியைக் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடங்கள் மட்டும் சிவந்து நிலைக்கின்றன. அவுரி நீலம் தருகிறது; மாதுளைத்தோலும் கடுக்காய்ப்பூவும் மஞ்சள் தருகின்றன. நீலத்தின்மேல் மஞ்சள் ஏறினால் பச்சையாகிறது.

பருவமும் தொழிலும்

இத்தொழிலில் எழுதுவதைவிட அலசுவதும் உலர்த்துவதும் மிகுதி. படிகாரம் தீட்டிய துணியை ஓடும் நீரிலேயே அலச வேண்டும். தேங்கிய நீரில் அலசினால், மிகுதியான படிகாரம் கரைந்து துணியின் பிற இடங்களில் படியும். கொதிக்கவைக்கும்போது அவ்விடங்களும் சிவந்து ஓவியம் கெடும். ஓடும் நீரோ மிகுதியை உடனே அடித்துச் செல்கிறது. கலைஞர் ஆற்றங்கரையைத் தேடிக் குடியேறியதன் காரணம் இதுவே.

சாயம் ஏறாத பகுதிகளை வெண்மையாக்கச் சாணம் கரைத்த நீரில் துணியை ஊறவைத்து, ஆற்று மணலில் விரித்து, நீர் தெளித்துத் தெளித்து வெயிலில் காயவைப்பர். இவ்வாறு எருமையின் பாலும் கால்நடைகளின் சாணமும் இத்தொழிலுக்கு மூலப்பொருள்கள் ஆகின்றன. பயிரும் கால்நடையும் இல்லாத ஊரில் இக்கலை வேரூன்றுவது அரிது.

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை பொழிகிறது. அப்போது ஆற்றில் நீர் உண்டு. ஆனால் துணியை உலர்த்த வெயில் போதாது. சித்திரை, வைகாசியில் வெயில் உண்டு. ஆற்றில் மணல் மட்டுமே தெரியும். மழை ஓய்ந்து ஆற்றில் தெளிநீர் ஓடும் நாள்களே இரண்டும் வாய்க்கும் காலம். ஆகவே, வெயிலும் நீரும் ஒருங்கே அமையும் நாள்களைக் கணக்கிட்டே பணி நடக்கிறது.

இன்றைய நிலை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருக்காளத்திக் கலம்காரி அருகிப்போனது. கைவினைகளை மீட்க உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயரின் முயற்சியால், 1950களின் பிற்பகுதியில் அங்குப் பயிற்சி மையம் ஒன்று தொடங்கப்பெற்றது. முதிய கலைஞரிடம் இளையோர் தொழில் கற்றனர். கலைஞர் ஜொன்னலகட்ட குருப்ப செட்டி 2008ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். திருக்காளத்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

எனினும் இரண்டு இடர்கள் தொடர்கின்றன. ஒன்று, நீர். ஆறு வறண்ட காலத்தில் கிணற்று நீரையும் தொட்டி நீரையும் நம்ப வேண்டியுள்ளது. மாறாக, 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் சுவர்ணமுகி கரைபுரண்டது. நீர் இல்லாமையும் மிகுதியும் தொழிலை நிறுத்துகின்றன.

மற்றொன்று, போலி. எந்திரத்தில் அச்சிட்ட துணியும் கடைகளில் 'கலம்காரி' என்றே விற்கப்படுகிறது. ஓர் எந்திரம் சில மணி நேரத்தில் அச்சிடுவதைக் கையால் எழுத வாரங்கள் ஆகின்றன. விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்கினால் கலைஞரின் உழைப்புக்கு இடமில்லாமல் போகும். உண்மையை அறிய வழி உண்டு. ஒரே பூ இரண்டு இடங்களில் வந்திருந்தால் இரண்டையும் உற்று நோக்க வேண்டும். கையால் எழுதியதாயின் கோட்டின் தடிமனிலும் வளைவிலும் சிறு வேறுபாடு இருக்கும். அச்சிட்டதாயின் இரண்டும் இம்மியும் மாறா.

புவிசார் குறியீடு பெயரைக் காக்கும் சட்டம். தொழிலைக் காப்பவை ஓடும் ஆறும், கற்க முன்வரும் இளையோரும், வேறுபாடு அறிந்து வாங்கும் மக்களுமே.

சொற்பொருள்

மேற்கட்டி – மேலே விரித்துக் கட்டும் துணி விதானம்
தொம்பை – உருளை வடிவில் தொங்கவிடும் துணி அணி
அவுரி – நீலச்சாயம் தரும் செடி
இம்மியும் – சிறிதளவும்

பயிற்சி

1. எருமைப்பால் கலம்காரித் துணியில் எவ்வாறு பயன்படுகிறது?
2. படிகாரம் தீட்டிய துணியை ஓடும் நீரில் அலசுவது ஏன்?
3. மழைக்காலமும் கோடைக்காலமும் இத்தொழிலுக்கு எவ்வாறு இடையூறாகின்றன?
4. பிரித்து எழுதுக: மூங்கிற்குச்சி, கருங்கோடு, தெளிநீர்.
5. உங்கள் வீட்டிலுள்ள பூவேலைத் துணி ஒன்றை உற்றுநோக்கி, அது கையால் எழுதியதா அச்சிட்டதா எனக் காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.