கிலோ என்ன விலை என்று கேட்டால் போதுமா?

வீட்டு அடுப்புக்குப் பிரிக்கெட் வாங்கலாமா என்று யோசிப்பவர் முதலில் விசாரிப்பது கிலோ என்ன விலை என்பதைத்தான். விறகின் விலை கடையில் தெரியும், சிலிண்டரின் விலை எல்லோருக்கும் தெரியும். மூன்றையும் அருகருகே எழுதிப் பார்த்தால் முடிவுக்கு வந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் போட்டுப் பார்க்கும் கணக்கு, இடுக்கியில் மூணாறு, குமுளி பக்கம் போனால் மாறிவிடுகிறது. சமையலுக்காக நாம் காசு கொடுப்பது பானைக்குப் போய்ச் சேரும் சூட்டுக்கு. தராசில் நிற்கும் எடைக்கும் அந்தச் சூட்டுக்கும் நடுவே ஈரம், சாம்பல், அடுப்பு என்று மூன்று விஷயங்கள் இருக்கின்றன. இந்த மூன்றையும் கழித்துப் பார்க்காமல் எந்த எரிபொருள் மலிவு என்று சொல்ல முடியாது.

பிரிக்கெட் என்பது மரத்தூள், உமி, நிலக்கடலைத் தோல், தென்னை நார்க்கழிவு போன்றவற்றைக் கடும் அழுத்தத்தில் இடித்துச் செய்யும் கட்டை. இந்த எல்லைப் பகுதியைச் சுற்றி இதற்கான மூலப்பொருளுக்குக் குறைவில்லை. பாலக்காடு கேரளத்தின் நெற்களஞ்சியம் என்பதால் அரிசி ஆலைகளில் உமி குவிகிறது. எல்லை தாண்டினால் பொள்ளாச்சியில் தென்னை நார்த் தொழிற்சாலைகள். இடுக்கிக்குக் கீழே பெரும்பாவூரில் ரப்பர் மரத்தை அறுக்கும் ஆலைகளும் பிளைவுட் ஆலைகளும் நிறைய. தளர்வாகக் கிடக்கும் உமியோ தூளோ ஒரு கன மீட்டருக்கு 100 முதல் 200 கிலோவுக்குள்தான் இருக்கும். அழுத்திய கட்டையின் அடர்த்தியோ கன மீட்டருக்கு 1,000 கிலோவைத் தாண்டும். பசை எதுவும் சேர்ப்பதில்லை. அழுத்தத்தில் பிறக்கும் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் இளகி, ஆறும்போது தூளைப் பிணைத்துவிடுகிறது. மூலப்பொருளில் ஈரம் ஏறக்குறைய 10 சதவீதத்தைச் சுற்றி இருந்தால்தான் இந்தப் பிணைப்பு நிற்கும். கூடினால் நீராவி கட்டையைப் பிளந்துவிடும். ஆகவே நல்ல பிரிக்கெட் என்றாலே அது உலர்ந்த பொருள். அதன் முதல் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

ஈரத்தின் கணக்கைப் பார்ப்போம். முழுக்க உலர்ந்த மரம் கிலோவுக்கு ஏறக்குறைய 18.5 மெகாஜூல் சூடு தரும். எடையில் 10 சதவீதம் ஈரம் இருந்தால் 16-ஐ ஒட்டி வரும், 20 சதவீதம் என்றால் 14 சொச்சம். எடையில் பாதி ஈரம் என்றால் வெறும் 8. வாங்கும் எடையில் பாதி தண்ணீர் என்பதோடு, அந்தத் தண்ணீரை ஆவியாக்கவும் சூடு செலவாகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட கிழக்குக் காற்று வீசும் மாதங்களில், சித்தூர்ப் பக்கம் வெளியில் அடுக்கிய விறகு தானாகவே 20 சதவீதத்தை நெருங்கிவிடும். அங்கே பிரிக்கெட்டுக்கு விறகைவிட ஏழில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்கலாம், அதற்கு மேல் கொடுப்பது நட்டம். மூணாறு மலையிலோ ஜூனில் தொடங்கும் மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்க, வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. அங்கே புதிதாக வெட்டிய கிராண்டிஸ் (யூக்கலிப்டஸ்) விறகை வாங்குபவர் பாதித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார். அந்த விறகின் விலையைப்போல் இரண்டு மடங்கு கொடுத்து உலர்ந்த பிரிக்கெட் வாங்கினாலும் கணக்கு சமம்தான். மலைப்பாதையில் லாரி ஏற்றிவரும் கூலியும் எடைக்குத்தான், சூட்டுக்கு அல்ல. மலை உயர உயர உலர்ந்த எரிபொருளின் பக்கம் தராசு சாய்வதற்கு இதுவும் காரணம்.

அடுத்தது சாம்பல். எல்லாப் பிரிக்கெட்டும் ஒன்றல்ல. மரத்தூள் கட்டையில் சாம்பல் ஒன்றிரண்டு சதவீதம். உமிக் கட்டையில் அது 20 சதவீதத்தை ஒட்டிப் போகும், பெரும்பகுதி சிலிக்கா. அதனால் உமிக் கட்டையின் சூடு கிலோவுக்கு 13 மெகாஜூல் அளவில் நிற்கிறது. மரத்தூள் கட்டை 10 ரூபாய் என்றால் உமிக் கட்டை 8 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. சாம்பலை அள்ளும் வேலையும், காற்றுவழி அடைபடும் தொல்லையும் வேறு. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஒரு கட்டையை ஒடித்துப் பார்த்தால் நார்நாராக மரத்தின் நிறம் தெரிகிறதா, உமியின் மினுமினுப்பு தெரிகிறதா, மண் கலந்திருக்கிறதா என்பது கண்ணுக்கே புலப்படும். நகத்தால் கீறினால் பொலபொலவென்று உதிர்வது சரியாக அழுத்தப்படாதது, அது அடுப்பில் விழுந்ததும் தூளாகிக் காற்றை அடைக்கும். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் ஊதிப் பெருத்துக் கரைந்துவிடும். இது தரக்குறைவு இல்லை, பசை சேர்க்காத கட்டையின் இயல்பே இப்படித்தான். ஆனால் மழை பெய்யும் மலையில் இதைத் திண்ணையில் திறந்து வைக்க முடியாது என்பதை அந்தச் சோதனை சொல்லிவிடும். ஒரு கிலோவை எரித்துச் சாம்பலை நிறுத்துப் பார்ப்பது எல்லாவற்றையும்விட நம்பகமான பரீட்சை.

மூன்றாவது அடுப்பு. பெரிய வித்தியாசம் உண்மையில் இங்கேதான் வருகிறது. மூன்று கல் அடுப்பில் எரியும் சூட்டில் 10 முதல் 15 சதவீதம்தான் பானைக்குப் போகும். கையில் தூக்கி வைக்கும் விறகடுப்புக்கான இந்தியத் தர அளவு குறைந்தது 25 சதவீதம், சிறு விசிறி வைத்த அடுப்புக்கு 35. கேஸ் அடுப்பை 60 என்று வைத்துக்கொண்டால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றிலிருந்து பானைக்குச் சேர்வது சுமார் 390 மெகாஜூல். அதே சூட்டைத் தர, நல்ல விறகடுப்பில் ஏறக்குறைய 100 கிலோ பிரிக்கெட் வேண்டும். பழைய அடுப்பில் 200 கிலோ. அதே பழைய அடுப்பில் ஈர விறகு என்றால் 400 கிலோ. வீட்டில் எவரும் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய விதி இதிலிருந்து கிடைக்கிறது: சிலிண்டரின் விலையை 100-ஆல் வகுத்தால் வருவதே நல்ல அடுப்பு உள்ளவர் பிரிக்கெட்டுக்குக் கொடுக்கக்கூடிய உச்ச விலை. பழைய அடுப்பு உள்ளவர் 200-ஆல் வகுக்க வேண்டும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு 9 ரூபாய், மற்றவருக்கு 4 ரூபாய் 50 காசு. அடுப்பை மாற்றாமல் எரிபொருளை மட்டும் மாற்றுபவர் லாபத்தில் பாதியைச் சுவருக்கும் புகைக்கும் கொடுத்துவிடுகிறார். இந்த வட்டாரத்துக்கு இது புதிய பாடமும் இல்லை. 1980-களில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு புகையில்லா அடுப்பை வீடு வீடாகக் கொண்டுபோனது. அதன் ஆய்வு மையம் பாலக்காட்டின் முண்டூரில்தான் இயங்குகிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. தோட்டத்து விறகு சும்மா கிடைக்கும்போது எதற்கு இந்தக் கணக்கெல்லாம் என்பது முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். சொந்தமாக மரமும் கூரை போட்ட இடமும் உள்ளவர் பிரிக்கெட் வாங்கவே வேண்டாம். விறகைப் பிளந்து, காற்றோட்டமான கூரையின்கீழ் ஆறு மாதம் அடுக்கி வைத்தால் பிரிக்கெட்டுக்கு மிக அருகில் வந்துவிடும். ஆனால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறையும் சமையல்கட்டும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆறு மாத விறகை எங்கே அடுக்குவது? குறைந்த இடத்தில் அதிகச் சூட்டைச் சேமிக்கும் பிரிக்கெட் அந்த வீட்டுக்குத்தான் தேவை. இரண்டாவது கேள்வி, 90 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கட்டை ஆலைக் கொதிகலனுக்காகச் செய்தது, வீட்டு அடுப்பில் எப்படி எரியும் என்பது. உடைத்து, அடியில் கம்பித்தட்டு வைத்து, தேங்காய் மட்டையாலோ சுள்ளியாலோ பற்றவைத்தால் எரியும். விசிறி அடுப்புக்கோ இதே போல அழுத்திச் செய்த, விரல் தடிமனுக்கும் குறைவான பெல்லட் என்ற சிறு துண்டுகள்தான் பொருந்தும். பிரிக்கெட்டும் விறகுதான், புகை வரும் என்பதை மறைக்கக் கூடாது. புகைபோக்கி இல்லாத சமையல்கட்டில் எந்தக் கட்டையும் பெண்களின் நெஞ்சுக்குக் கேடுதான். வசதி உள்ளவர் கேஸிலேயே இருப்பது நல்லது.

இன்னும் கனமான ஆட்சேபம், இன்றைக்கு இருக்கும் விலை நாளைக்கு இருக்குமா என்பது. இதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வடிவமைப்பில் உருவான ஊர்ஜா என்ற விசிறி அடுப்பு, 2006-இல் தொடங்கி தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரத்தில் சுமார் 4 லட்சம் வீடுகளுக்குப் போனது. அடுப்பு திறமையாக எரிந்தது. ஆனால் பெல்லட்டின் மூலப்பொருள் விலை ஏறியது, பெல்லட் விலையும் கூடவே ஏறியது. வீடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட, வியாபாரம் உணவகங்கள் பக்கம் திரும்பியது. 2021-இல் மத்திய மின்துறை அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு தாவர எரிபொருளையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்று விதித்தபின், போட்டிக்குப் பெரிய வாடிக்கையாளர்களும் வந்துவிட்டார்கள். ஆலையோடு ஏலம் கேட்டுச் சமையல்கட்டு ஜெயிக்க முடியாது. இந்த ஆட்சேபம் பிரிக்கெட்டை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. எந்த எரிபொருளையும் ஏற்கும் அடுப்பை முதலில் வாங்கு, தூரத்திலிருந்து வரும் பெல்லட்டை மட்டுமே நம்பியிருக்காதே என்று எச்சரிக்கிறது.

ஆகவே செலவின் வரிசை தெளிவாகிறது. முதல் காசு புகைபோக்கி உள்ள நல்ல அடுப்புக்கு, இரண்டாவது விறகு உலரும் கூரைக்கு. இரண்டும் முடிந்தபின், மழை மாதங்களுக்கு மட்டும், சிலிண்டர் விலையை 100-ஆல் வகுத்து வரும் தொகைக்குள் கிடைத்தால் பிரிக்கெட். விற்பவர்கள் மூட்டையின்மேல் விலையோடு ஈரமும் சாம்பலும் எத்தனை சதவீதம், எதில் செய்தது என்று அச்சிட்டால், வாங்குபவர் இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்வார். பஞ்சாயத்துகளும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் மொத்தமாக வாங்கும்போது இதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம். ஆலைகள் கொதிகலனுக்கு வாங்கும்போது இந்த விவரங்களைக் கேட்டுத்தான் விலை பேசுகின்றன. லயத்தில் சமைக்கும் பெண்ணுக்கும் அதே விவரத்தைக் கேட்கும் உரிமை உண்டு.