கையொப்பம் இடுமுன்

ஒரே நிறுவனத்தில் 26 ஆண்டுகள் கணக்கெழுதிய ஒருவரை மனக்கண்முன் கொண்டு வருவோம். வயது 54. ஒருநாள் முதலாளி அவரை அழைத்து, "இனி இளையவர்களுக்கு இடம் விடவேண்டும், ஐயா, இதில் ஒரு கையொப்பம் வைத்துவிடுங்கள்" என்கிறார். நீட்டப்பட்டது இராஜினாமாக் கடிதம். வீட்டிலே இளைய மகள் இன்னும் படித்துக் கொண்டிருக்கிறாள். ஆயினும், உப்பிட்டவரை எதிர்த்துப் பேச அவருக்கு நா எழவில்லை, கையொப்பம் இடுகிறார்.

அதனால் அவர் இழந்தது யாது?

நம் நாட்டில் 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளரின் ஆகக்குறைந்த ஓய்வு வயதை வரையறுத்தது. அது நடைமுறைக்கு வந்தபோது 52 வயதை எட்டாதிருந்தோர்க்கு அவ்வயது 60 ஆகும். ஆகவே, வயதைக் காட்டி 54 இல் அவரை ஓய்வுபெறச் செய்ய முதலாளிக்கு உரிமையில்லை.

ஒழுக்காற்றுக் காரணம் ஏதுமின்றி ஒருவரை நீக்குவதானால், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். அன்றேல் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இராஜினாமாக் கடிதத்தை நாடுவதன் சூட்சுமம் இப்போது விளங்குகிறதன்றோ? தாமாகவே விலகினார் என்று காட்ட அத்தாளே சான்றாகிவிடும். கட்டாயத்தின் பேரில் எழுதியதென்று நிறுவும் சுமை தொழிலாளியின் தலையில் விழும்.

"கையொப்பமிடாவிட்டால் பணிக்கொடை கிடையாது" என்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் வேண்டா. 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் இடத்தில் 5 ஆண்டுகள் சேவையை நிறைவு செய்தவருக்கு, 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அதனை உரித்தாக்குகிறது. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம். மோசடி போன்ற குற்றம் புரிந்தாலன்றி, வேலை எவ்வாறு முடிந்தாலும் அது கிடைக்கவேண்டியதே.

மேற்கூறிய மூன்று சட்டங்களின் பாதுகாப்பும் 15 பேருக்குக் குறைந்த சிறு கடைகளை எட்டாது. எனினும், நியாயமின்றி நீக்கப்பட்ட அங்குள்ளோர்க்கும் தொழில் நியாய சபையின் கதவு திறந்தே இருக்கிறது. முறைப்பாட்டுக்குக் காலவரையறை உண்டு. ஆதலின் தாமதம் கேடு.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதிக் கூற்றுகள் ஆகியவற்றை வீட்டில் பத்திரப்படுத்துவோம். எவரேனும் தாளை நீட்டினால், "வீட்டாரோடு கலந்து பேசி நாளை வருகிறேன்" என்று பணிவாகச் சொல்லி, தொழில் திணைக்களத்தின் அண்மைக் காரியாலயத்தை நாடுவோம். வீட்டிலுள்ள மாணவர்களே, இதனை இன்றே தந்தைக்கும் தாய்க்கும் வாசித்துக் காட்டுங்கள். ஒருநாள் பொறுத்தால் ஒரு குடும்பத்தின் ஆறாண்டு ஊதியம் காக்கப்படக்கூடும்.