போர் போடறதுக்கு முன்னாடி: பழைய புல்லட்ல கம்ப்ரஷன் எங்கே போச்சு?

இந்த எபிசோடை சின்னசேலத்துல, எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல ரயில் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, அது சேலம்-விருத்தாசலம் லைன்.

விஷயம் எங்கப்பாவோட 1984 மாடல் புல்லட் 350. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-ல தொடங்கின என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர்ல செஞ்ச வண்டி. ரொம்ப வருஷம் ஷெட்லயே கிடந்தது. ஆறு மாசமா லீவுக்கு வரும்போதெல்லாம் வயரிங், கார்புரேட்டர், பெயின்ட்னு ஒவ்வொண்ணா முடிச்சேன். ஸ்டார்ட்டும் ஆச்சு. ஆனா கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை ஏத்தத்துல ரெண்டாவது கியர்லயே மூச்சு வாங்குது. புல்லட் கிக்கர் ஆளையே தூக்கி அடிக்கும்னு சொல்லுவாங்க. இது வழுக்கிட்டு இறங்குது.

பக்கத்துல ஒரு மெக்கானிக் அண்ணன் ரெண்டு தடவை மிதிச்சுப் பார்த்துட்டு, "ரிங் போச்சு தம்பி, போர் போட்டு பிஸ்டன் மாத்திடலாம்"னார். அப்பா ஒண்ணும் சொல்லல. அவர் போனப்புறம் மெதுவா, "அது நான் வாங்கினப்ப இருந்த பிஸ்டன்டா"ன்னார். அந்த சிலிண்டர் இன்னும் கம்பெனி அளவு, 70 மில்லிமீட்டர். போர் போட்டா உள் சுவரைச் சீவணும். சீவின இரும்பு திரும்ப வராது. அதனால, "ஒரு வாரம் டைம் குடுங்கப்பா"ன்னேன்.

கம்ப்ரஷன்னா, பிஸ்டன் மேல வரும்போது உள்ள இருக்கற காத்து நசுங்கறது. அது தப்பிக்க வழி கொஞ்சம்தான்: ரிங் ஓரமா கீழே, ரெண்டு வால்வு வழியா, ஹெட் கேஸ்கெட் வழியா. பழைய புல்லட்ல இன்னொரு ஓட்டையும் இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல கேஜ். பிளக்கைக் கழட்டி கேஜை மாட்டி, இக்னிஷனை ஆஃப் பண்ணி, ஆக்ஸிலரேட்டரை முழுசா திருகிப் பிடிச்சுட்டு, முள் ஏறறது நிக்கற வரைக்கும் கிக் பண்ணணும். ஆக்ஸிலரேட்டரைத் திருகலைன்னா காத்தே உள்ள போகாது. நல்லா இருக்கற இன்ஜினையும் செத்துப்போச்சுன்னு நினைச்சுப்பீங்க. எனக்கு வந்தது 60 பிஎஸ்ஐ. குறைச்சல்தான்.

அடுத்து பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தேன். தேய்ஞ்ச ரிங் ஓரத்தை ஆயில் அடைச்சுக்கும், ரீடிங் எகிறும். எனக்கு 65 வந்தது. "பாரு, ஏறுது, ரிங்தான்"னு நானே முதல்ல நினைச்சேன். அப்புறம் கணக்குப் போட்டேன். பிஸ்டன் உச்சியில நிக்கும்போது மேல மிஞ்சற இடமே அறுபது எழுபது மில்லி. அதுல 5 மில்லியை ஆயில் பிடிச்சுக்கிட்டா ரீடிங் எப்படியும் நாலஞ்சு ஏறும். ஆக ரிங் மேல பெரிய குத்தம் இல்ல.

அப்போ காத்து எங்கே போகுது? காதால கேட்டுடலாம். ஒரு பழைய பிளக்கோட பீங்கானை உடைச்சு எடுத்துட்டு, அதுல டியூப் வால்வைப் பத்த வெச்சு, பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல மாட்டினோம். பிஸ்டன் உச்சியில, ரெண்டு வால்வும் மூடியிருக்கணும். டாப் கியர் போட்டு பின் பிரேக்கை அமுக்கிப் பிடிக்கணும். கிக்கர் பக்கம் கால் வேண்டவே வேண்டாம், பிஸ்டன் நழுவினா அது சுழன்று முழங்கால்லயே அடிக்கும். காத்தைக் கொஞ்சமா விட்டுட்டுக் கேளுங்க. கார்புரேட்டர்ல உஸ்ஸுன்னா இன்லெட் வால்வு. ப்ரீதர் குழாய்ல வந்தா ரிங். எனக்கு சைலன்சர்ல வந்தது.

எக்ஸாஸ்ட் வால்வா? டேப்பெட் மூடியைத் திறந்து புஷ் ராடை விரலால உருட்டினேன். ஃப்ரீயா சுத்துது. ராடு வால்வைத் தூக்கிப் பிடிக்கலைன்னு தெரிஞ்சுது. ஹெட்டைக் கழட்டிடலாமான்னு யோசிச்சுக்கிட்டே, வண்டியை நகர்த்த ஹேண்டில்பாரைத் திருப்பறேன், அந்த உஸ்ஸு சத்தம் கூடுது! நேராக்கினா குறையுது.

ஹேண்டில்பாருக்கும் கம்ப்ரஷனுக்கும் என்ன சம்பந்தம்? டீகம்ப்ரஸர். அதுதான் நான் சொன்ன இன்னொரு ஓட்டை. இடது கைப்பக்கம் இருக்கற குட்டி லீவரை இழுத்தா, ஹெட்ல இருக்கற சின்ன வால்வு திறந்து காத்தை எக்ஸாஸ்ட்ல விட்டுடும். பிஸ்டனைச் சுலபமா உச்சி தாண்ட வெச்சு கிக் பண்ணத்தான் அது. நான்தான் ஸ்டைலுக்கு உயரமான ஹேண்டில்பார் போட்டிருந்தேன். கேபிள் விறைச்சு, வால்வு எப்பவும் மயிரிழை திறந்தே இருந்திருக்கு. மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு வாயே இல்ல.

கேபிளைத் தளர்த்தினதும் 80 வந்தது. அந்த வால்வைக் கழட்டிப் பார்த்தா சீட்ல கரி அப்பியிருந்தது. கிரைண்டிங் பேஸ்ட் வெச்சு உருட்டி, துடைச்சு மாட்டினேன். 95.

ப்ரீதர்ல லேசா காத்து வருது. 40 வருஷ ரிங், வரத்தான் செய்யும். பழைய ஹேண்டில்பாரைத் திரும்ப மாட்டியாச்சு. அப்பா லீவரை இழுத்து, அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, லீவரை விட்டு ஒரு மிதி மிதிச்சார். முதல் தடவை கிக்கர் அவரைத் தூக்கிப் போட்டுச்சு. சிரிச்சுக்கிட்டே இன்னொரு தடவை மிதிச்சார், பிடிச்சுக்கிச்சு.