கீறல் பழசு, பூச்சு புதுசு

அம்பாசிடரும் பத்மினியும் தெருவை ஆண்ட காலத்திலும் கார்களில் கீறல் விழத்தான் செய்தது. ஆடு பானெட்டில் ஏறி நின்றது, பள்ளிக்கூடப் பையன் கதவில் கல்லால் கோடு இழுத்தான், சைக்கிளின் பெடல் பக்கவாட்டில் உரசிப் போனது. இன்று ஆட்டின் இடத்தை அடுக்குமாடி பார்க்கிங்கின் தூணும், பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டரின் பிரேக் லீவரும் பிடித்திருக்கின்றன. மாறியது கீறல் விழும் இடம்தான், அதாவது பூச்சு. பழைய காரை வீட்டு வாசலில் வைத்தே சரிசெய்யப் பார்ப்பவர்கள் பலரும் இதைக் கவனிப்பதில்லை.

அன்றைய பட்டறைப் பூச்சு பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். 'டியூகோ' என்றால்தான் எல்லாருக்கும் புரியும். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1923-இல் கொண்டுவந்த சரக்கு அது. வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த கார் பெயின்டைச் சில மணி நேரத்தில் காய வைத்தது. அதற்கு இன்னொரு குணமும் உண்டு. எத்தனை ஆண்டு ஆனாலும் தின்னர் பட்டால் கரையும். அதனால் புதிதாகத் தொட்டு வைக்கும் பெயின்ட் பழைய பூச்சின் விளிம்பை இளக்கி அதோடு கலந்துவிடும். ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம் என்பதால் லேசான கீறலுக்குப் பெயின்ட்கூட வேண்டாம். ஒரு டப்பா ரப்பிங் காம்பவுண்ட், திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு கைப்பிடி, பிறகு மெழுகு பாலிஷ். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

ஆழமான கீறல் என்றால் பாடு அதிகம். தகரம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, பட்டி பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பட்டி காயும்போது சுருங்கும். ஒரேயடியாக அப்பினால் வெடிக்கும். மெல்லிசாக இழுத்து, காயவிட்டு, மறுபடி இழுக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் லாக்கர் அடிக்கப் பெயின்டர்கள் தயங்குவார்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அடித்த நிறம் பால்போல வெளுத்துவிடும். நிறத்தைச் சேர்ப்பதும் கண் கணக்குதான். வெள்ளையில் ஒரு சொட்டுக் கறுப்பு, ஒரு சொட்டு மஞ்சள் விட்டுக் கலக்கி, வண்டியின்மேல் தொட்டுப் பார்த்து, காய்ந்ததும் மறுபடி பார்ப்பார்கள்.

இப்போதைய காரில் நிறம் ஓர் அடுக்கு. அதன்மேல் நிறமே இல்லாத 'கிளியர் கோட்' இன்னோர் அடுக்கு. பிரைமர் முதல் கிளியர் வரை எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியருக்குக் கிடைப்பது 40, 50 மைக்ரான்; ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பது பெரும்பாலும் அந்த அடுக்கே. அப்பாவின் பழக்கத்தில் காம்பவுண்டை வைத்து அழுத்தித் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும். நாலைந்து கோடை போனபின் கூரையிலும் பானெட்டிலும் திட்டுத்திட்டாக உரியத் தொடங்கும். உரிந்தபின் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

இடைப்பட்ட தலைமுறை ஒன்றும் உண்டு. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரி வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800-இன் பழைய வண்டிகள் பல கிளியர் இல்லாத ஒற்றை அடுக்கு. உங்கள் வண்டி எந்த வகை என்று அறிய, மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் ஒற்றை அடுக்கு. ஏறாவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது. வெள்ளை வண்டிக்கு மட்டும் கறுப்புத் துணி.

கருவிகளில் இன்றைக்குக் குறையே இல்லை. எஞ்சின் அறைத் தகட்டில் உள்ள நிற எண்ணைச் சொன்னால் அதே நிறத்தில் சிறு புட்டியும் ஸ்பிரே டப்பாவும் வாங்கலாம். 2000, 3000 எண் வாட்டர் பேப்பர், மைக்ரோஃபைபர் துணி எல்லாம் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் அந்த எண் சொல்வது வண்டி ஆலையை விட்டு வந்த நாளின் நிறத்தை. இருபது ஆண்டு வெயில் குடித்த சிவப்பு இன்னும் அந்தச் சிவப்பாகவா இருக்கும்? பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போகும் பழைய வழக்கம் இதனால்தான் பழைய கார்களுக்கு இன்னும் பொருந்துகிறது. சில்வர் போன்ற மெட்டாலிக் நிறங்கள் தனி வம்பு. உள்ளே இருக்கும் உலோகத் துகள்கள் படியும் திசை மாறினாலே நேரே பார்க்கும்போது சேரும் நிறம் பக்கவாட்டில் பார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

விரல் நகத்தால் கீறலின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால் மென்மையான பாலிஷ் போதும். தடுத்தால் தேய்த்துப் பயனில்லை, நிரப்ப வேண்டும். சோப்பு நீரில் கழுவி, மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்து, மெல்லிய தூரிகையால் கீறலுக்குள் மட்டும் தொட்டு வையுங்கள். காயவிட்டு மறுபடி தொடுங்கள்; மேற்பரப்பைவிட ஒரு மயிரிழை உயரும்வரை. அதன்பின் சில நாள் விட்டு, நனைத்த 2000 தாளால் அந்த மேட்டை மட்டும் இறக்க வேண்டும். வெயிலில் கொதிக்கும் தகரத்தில் இதைச் செய்யாதீர்கள், பெயின்ட் பரவுமுன்பே உறைந்துவிடும். ஹார்டனர் கலந்து அடிக்கும் ஸ்பிரே வகைகளை வீட்டில் தொடவே வேண்டாம் என்பேன். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது, துணி முகமூடி அதைத் தடுக்காது. கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்பிரே கன் பிடித்த அந்தக் காலத்துப் பெயின்டர்கள் தங்கள் நுரையீரலால்தான் விலை கொடுத்தார்கள்.

பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும் நேரம் வந்ததும் வண்டி முழுக்கப் பெயின்ட் அடிக்கக் கிளம்புகிறார்கள். துருவும் பெரிய அடியும் இல்லாத வண்டிக்கு அது வீண் செலவு. பழைய காரில் கீறல் கொஞ்சம் தெரிந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் தகரம் தெரியும் கீறல் வேறு கதை, அதிலும் சென்னை, நாகை, தூத்துக்குடி உப்புக் காற்றில். நிறம் சேரும்வரை காத்திருக்காமல், மழைக்கு முன் பிரைமராவது தொட்டு வையுங்கள்.