ஏலச் சரத்தடியில் நிதானம்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையிலுள்ள சிலமலை முதலிய கிராமங்களில், கோழி கூவுமுன் எழுந்து, சோற்றை வடித்துத் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு, பிள்ளைகளை உறக்கத்திலேயே விட்டுவிட்டு, ஜீப் வந்து நிற்கும் முக்குக்கு ஓடுகிற பெண்களைப் பார்த்தவர்களுக்கு, அவசரம் என்பது பட்டணத்து வியாதி என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அபிப்பிராயம் எத்தனை பொய் என்பது பிரத்தியட்சமாக விளங்கிவிடும். கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களில் குறித்த நேரத்துக்கு வேலையில் நின்றாக வேண்டும். டிரைவருக்கோ அடுத்த நடைக்குத் திரும்பியாக வேண்டும். ஒரு ஜீப்பில் இத்தனை பேர்தான் ஏறலாம் என்று ஒரு சட்டம் உண்டு. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் அது எந்த வளைவில் இறங்கிக்கொள்கிறது என்பதுதான் விளங்கவில்லை.

இவ்வளவு ஓட்டமும், அவசரத்துக்குச் சற்றும் இடங்கொடாத ஒரு பயிருக்காக என்பது இதில் விசேஷம். ஏலச்செடி நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய்ப்புக்கு வரும். அதன் பூச்சரம் தட்டையின் உச்சியில் தோன்றாமல் அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும். விரிந்த பூ ஒரு நாளைக்குமேல் நில்லாது. அந்த ஒரு நாளில் தேனீ வந்துபோனால் காய், இல்லையேல் இல்லை. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் கூடியே இருப்பதால், நெல்லைப்போல் ஒருமுறை அறுத்து முடித்துவிட வழியில்லை. மாதத்துக்கு ஒரு சுற்றாகத் தோட்டத்தைத் திரும்பத் திரும்ப வலம்வர வேண்டும்.

காய் எடுக்கும் பெண் தூரடியில் குந்தி, ஈரச் சருகை விலக்கி, காலில் ஏறும் அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சரத்தை ஒரு கையில் தாங்கிக்கொண்டு மறுகை விரல்களால் காய்களைத் தொட்டுத் தொட்டுப் போகிறாள். உள்ளே விதை கறுத்து, தோல் இன்னும் பச்சையாக இருக்கும் பருவமே தக்க பருவம். பிஞ்சைப் பறித்தால் உலரும்போது சுருங்கி எடை போய்விடும். பழுக்க விட்டால், காய் உலர்த்தும் ஸ்டோரில் வெடித்து நிறம் கெடும். ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்து முடிவு செய்ய இயலாதாகையால், கண்ணும் விரலும் ஒருங்கே சொல்லும் சாட்சியத்தைத்தான் அவள் நம்பவேண்டும். சித்தம் வேறெங்கோ போயிருந்தால் கூடையில் பிஞ்சு விழும். கங்காணியின் வசவும் கூடவே விழும். அந்த விரல்களின் வேகத்தை ஒருமுறை கண்டவர் யாரும் நிதானத்தை மந்தம் என்று பிழைபட எண்ணமாட்டார். கை விரைந்தோடும்போதும் மனம் ஒரே இடத்தில் நிற்க முடியும். கை ஓய்ந்து நாற்காலியில் சாய்ந்திருக்கும்போதும் மனம் நாலு திக்கும் அலைய முடியும்.

ஸ்டோரிலும் இதே கதைதான். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்ந்த காயாவதற்கு ஏறக்குறைய ஒரு பகலும் இரவும் மிதமான சூடு வேண்டும்; சீக்கிரம் முடியட்டும் என்று நெருப்பைக் கூட்டினால் பச்சை நிறம் வெளுத்து, விலை இறங்கும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். பிறர் நம்மீது சுமத்தும் அவசரம் ஒன்று. நாமே வளர்த்துக்கொண்ட அவசரம் மற்றொன்று. நெரிசலான ஜீப்பில் ஒற்றைக்காலில் நிற்கிறவளிடம் போய், “தாயே, மூச்சைக் கவனி” என்று உபதேசம் செய்வது அகம்பாவம். அவளுக்கு வேண்டியது இன்னொரு வண்டியும், நியாயமான கூலியும். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்கு ஏலம் போனபோது இந்தப் பிரதேசமே அதைப் பற்றிப் பேசியது. அதைப் பறித்த விரல்களைப் பற்றிய பேச்சு அவ்வளவாகக் காதில் விழவில்லை. இனி நான் சொல்லப்போகும் பயிற்சி இரண்டாவது வகை அவசரத்துக்கு மட்டுமே ஔஷதம்.

அந்த இரண்டாவது வகைக்குப் போடியே உதாரணம் தருகிறது. மதுரையிலிருந்து 1928இல் இவ்வூருக்கு வந்த ரயில், பாதையை அகலப்படுத்துவதற்காக 2010 இறுதியில் நின்று, 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாய்க் காத்திருந்த ஜனங்கள், இன்று வண்டி இரண்டு நிமிஷம் தாமதமானால் கைப்பேசியை எடுத்து எத்தனை தடவை பார்க்கிறார்கள் என்பதை நடைமேடையில் நின்று கவனிக்கலாம். நானும் அக்கூட்டத்தில் ஒருவன்தான்.

மனத்தை நிகழும் கணத்தில் நிறுத்தும் அப்பியாசம் புத்தரின் உபதேசங்களில் மிகப் பழையது. அதைச் சமயச் சடங்குகளினின்று பிரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கபட்-ஜின். தீராத வலியால் அவதிப்பட்டு, மருந்தினால் போதிய பலன் காணாத நோயாளிகளுக்காக 1979இல் அவர் தொடங்கிய பயிற்சி எட்டு வாரத்தது. அதன் தொடக்கப் பாடம் ஓர் உலர்ந்த திராட்சையைத் தின்பது. முதலில் அதை உள்ளங்கையில் வைத்து, முன்பின் கண்டிராத வஸ்துவைப்போல் பார்க்கவேண்டும். பிறகு முகர்ந்து, நாவில் வைத்து, கடித்து, ரசம் ஊறுவதை அறிந்து விழுங்கவேண்டும். நம் பக்கத்தில் இதற்குத் திராட்சை தேடுவானேன்? ஓர் ஏலக்காய் போதும். தோலின் மெல்லிய வரிகளை நோக்கி, நகத்தால் பிளந்து, கறுத்த விதைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதைக் கண்டு, ஒரு விதையை மட்டும் பல்லில் வைத்து, முதலில் வரும் காரமும் பின்னால் பரவும் குளிர்ச்சியும் அடங்கும்வரை வேறு காரியம் செய்யாதிருப்பதே பயிற்சி. இடையில் மனம் கடன் தவணைக்கோ கல்யாணச் செலவுக்கோ ஓடிவிடும். ஓடியதற்காக அதைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஓடியதை அறிந்து திரும்ப அழைத்துவருவதுதான் அப்பியாசமே. மனம் அலையவே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுகிறார்கள்.

நம் நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. திருச்சுழியில் பிறந்து, 1896இல் மதுரையை விட்டு அருணாசலத்துக்குப் போன ரமணர், ஆசிரமத்துச் சமையற்கட்டில் பல வருஷங்கள் விடியுமுன் உட்கார்ந்து காய்கறி நறுக்கினார். தரையில் சிந்திய அரிசியை மணி மணியாகப் பொறுக்கி எடுப்பார் என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தியானத்துக்கென்று தனி நேரம் வாய்க்காத குடும்பஸ்தர்களுக்கு இது பெரிய ஆறுதல். பாத்திரம் துலக்குவதும், வெங்காயம் உரிப்பதும், பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பதும் எப்படியும் செய்தாக வேண்டிய காரியங்களாகையால், அவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்து அதை மட்டும் முழு மனத்தோடு செய்து பழகலாம். இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ளும் ஆசையைச் சில வாரம் தள்ளிப்போடலாம்.

இது சர்வரோக நிவாரணி அன்று. நாட்கணக்காக உறக்கம் வராமலும், எதிலும் பிடிப்பற்றும், மனம் கனத்துக் கிடப்பவர்கள் தனியே கண்ணை மூடி உட்கார்ந்தால் சில வேளைகளில் துயரம் அதிகப்படவும் கூடும். அத்தகையோர் முதலில் வைத்தியரைப் பார்ப்பதே முறை. அரசின் டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.