சீலோவாம் கோபுரமும் கல்முனைக் கடலும்

2004 டிசம்பர் 26ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், ஞாயிறு. நாம் காலைத் திருப்பலிக்குப் புறப்பட்ட வேளையில் சுமத்திரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பேரலை இலங்கையின் கீழைக்கரையை அடைந்தது. அதற்குள் அக்கரைக்கு எந்த எச்சரிக்கையும் போய்ச் சேரவில்லை.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகியவை மீனவரும் நெசவாளரும் வாழும், வீட்டோடு வீடு நெருங்கிய முஸ்லிம் ஊர்கள். இவை அடங்கிய அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிர்களை இழக்கவில்லை. மாண்டோரில் பெண்களும் சிறுவருமே மிகுதி. நீந்தவும் மரமேறவும் நம் பெண்மக்களுக்கு நாம் கற்பிப்பதில்லை அன்றோ?

இத்தனை சாவும் எவருடைய பாவத்துக்குத் தண்டனை என்ற பேச்சு பின்னர் எழுந்தது. வேளாங்கண்ணிப் பேராலயத்துள் கடல் புகவில்லை என்று நாமும் பெருமிதம் கொண்டோம். அதே ஊரின் கரையில் மாண்ட திருப்பயணிகளை அப்போது நினைத்தோமா? 1755இல் லிஸ்பன் நகரில் நிலம் அதிர்ந்தது அனைத்துப் புனிதர் பெருவிழாக் காலையில். திருப்பலிக்குக் கூடியிருந்தோர் மீதே ஆலயங்கள் இடிந்து விழுந்தன.

சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் பிறரைவிடக் கொடிய பாவிகள் என்னும் எண்ணத்தை ஆண்டவர் ஏற்கவில்லை. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இறந்தவர்களைப் பற்றி அவர் தீர்ப்பு எதுவும் கூறவில்லை. மனம் மாறச் சொன்னது, கேட்டுக்கொண்டு நின்றவர்களைத்தான்.