கிட்னி எடுத்த ரிப்போர்ட் எங்கே?

அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் கூத்து இது. புற்றுநோய்க்காகப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிட்னியை எடுத்தவர், மூக்கில் ரத்தம் வருகிறதென்று கிளினிக்குக்குப் போவார். பழைய ஆபரேஷனைப் பற்றி மூச்சுவிட மாட்டார். டாக்டரும் கேட்பதில்லை. கேட்டால், “அது எப்பவோ முடிஞ்சு போச்சு டாக்டர்” என்பார்.

முடிந்திருக்காது. கிட்னிப் புற்று வழக்கமாக நுரையீரல், எலும்பு, கல்லீரல், மூளைக்குப் பரவும். தைராய்டு, கணையம், மூக்கின் உட்பகுதி, நாக்கு, ஈறு, தலைத்தோல் என எதிர்பாராத இடங்களிலும் முளைக்கும். 10, 20 ஆண்டுகள் கழித்தும் வரும். கழுத்தில் வந்தால் சாதாரணக் கழலை போலவும், ஈறில் வந்தால் பல் கோளாறு போலவும் இருக்கும். இக்கட்டிகளில் ரத்தக்குழாய்கள் மிகுதி. விவரம் தெரியாமல் கை வைத்தால் ரத்தம் கட்டுக்கடங்காமல் போகலாம்.

எனவே பல் டாக்டர், மூக்கு டாக்டர் யாரானாலும் முதலில் சொல்ல வேண்டியது: “எனக்குக் கிட்னிப் புற்று இருந்தது.” ஸ்கேன் மட்டும் போதாது, சதைத்துணுக்கை எடுத்துச் சோதிக்க வேண்டும். சோதனைப் படிவத்தில் பழைய புற்று எழுதப்பட்டிருந்தால்தான் ஆய்வகம் சரியான சாயச் சோதனைகளைச் செய்யும். தைராய்டில் ‘பாக்ஸ் 8’ சாயம் மட்டும் போதாது. கிட்னிப் புற்றைப் போலவே தைராய்டு திசுவும் அதற்கு நிறம் காட்டும். தைரோகுளோபுலின் சோதனையும் சேர வேண்டும்.

இனி காகித வேலை. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவுப் பிரிவில் (யூனிட் ரெக்கோட் பெருபாத்தான்) விண்ணப்பியுங்கள். ஐசி நகலோடு போய், ஆபரேஷன் குறிப்பு, ஹிஸ்தோபத்தோலோஜி ரிப்போர்ட் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வேறொருவர் போவதானால் நோயாளி கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் தேவைப்படும். மூன்று நகல் எடுங்கள். போனில் படமும் எடுங்கள். “எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும்” என்று நம்பாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியின் கோப்பைத் தனியார் கிளினிக் பார்க்க முடியாது.

அந்த ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதாரக் கிளினிக்) போங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட். அங்கே தரும் ருஜுக்கான் (பரிந்துரை) கடிதத்தில் “கிட்னிப் புற்று” எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். எழுதவில்லையென்றால் திரும்பிப் போய்க் கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

புற்றே வராதவர்களுக்கும் ஒரு சொல்: சிறுநீரில் வலியில்லாமல் ஒருமுறை ரத்தம் வந்து நின்றாலும் சோதியுங்கள். நின்றுவிட்டது என்பது குணமாகிவிட்டது என்பதல்ல.

பண விஷயம்: மருந்துச் செலவு தாங்காதென்றால், கடன் வாங்கும் முன்பே அரசு ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூகப்பணிப் பிரிவில் ‘தாபோங் பந்துவான் பெருபாத்தான்’ (மருத்துவ உதவி நிதி) பற்றிக் கேளுங்கள். 1955 வேலைச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் தங்கினால் 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தோட்டக் கிராணி ‘கிடையாது’ என்றால் சட்டத்தைக் காட்டுங்கள்.

வேலை செய்ய முடியாமல் போனால், 60 வயதுக்குள் சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு அமைப்பு) இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். முழுத் தகுதிக்கு ஒரு வழி, விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் சந்தா இல்லாத மாதங்கள் அந்த 40-ஐத் தின்றுவிடும். ஆகவே ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள்.